பிள்ளைகளுக்குப் பக்கத்தில், பென்ஷனுக்குள்: ஓய்வுக்கால ஊரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ரிட்டயர்மென்ட்டுக்கு ஓராண்டு இருக்கும்போதே வீட்டில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சென்னை வாடகை இனித் தாங்காது. பெங்களூரில் மகன் வீட்டுப் பக்கம் போகலாமென்றால் அங்கே அதைவிட மோசம். சொந்த ஊரில் வீடு இருக்கிறது, ஆனால் பஸ் இல்லை. மச்சினர் திருவண்ணாமலை என்பார், அலுவலக நண்பர் ஸ்ரீரங்கம் என்பார். கோவையில் முதியோர் குடியிருப்பு என்று வாட்ஸப்பில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும்.

தமிழ்நாட்டில் ஓய்வு பெறும் கணவன் மனைவி, பிள்ளைகள் சென்னை, பெங்களூரு, கோவை என்று வேலையில் இருக்கிறார்கள் என்ற நிலையை வைத்து இதை எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊரை உங்கள் இருவருக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒருவர் போன பிறகு தனியாக இருக்கப்போகிறவருக்காகத் தேர்ந்தெடுங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் அது மனைவிதான். வயதில் இளையவர். பலருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பேங்க், பென்ஷன், ஈ.பி. எதையும் இதுவரை அவர் பார்த்ததில்லை. 75 வயதில் அவர் அந்த ஊரில் தனியாக ஒரு வாரம் ஓட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மனதில் இருக்கும் ஊர்களில் பாதி அந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும்.

முதல் படி: கட்டுப்படியாகுமா என்பதைக் குடும்ப ஓய்வூதியத்தை வைத்துப் பாருங்கள்

எல்லோரும் இன்றைய பென்ஷனை வைத்துத்தான் வாடகையைக் கணக்குப் போடுகிறார்கள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் வந்த அரசு ஊழியருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். அவருக்குப் பின் மனைவிக்கு வருவது 30 சதவீதம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 என்றால் பென்ஷன் 40,000, குடும்ப ஓய்வூதியம் 24,000. அகவிலைப்படி இரண்டுக்கும் உண்டு. ஆரம்ப சில ஆண்டுகளுக்குக் கூடுதல் விகிதம் கிடைப்பதுண்டு, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தனியார் வேலையில் இருந்து இ.பி.எஃப். பென்ஷன் வாங்குபவர் நிலை இன்னும் குறுகல்: துணைக்குப் பாதிதான் வரும்; அதன் குறைந்தபட்சமே 1,000 ரூபாய்.

பென்ஷன் 40 சதவீதம் குறையும். செலவு அப்படிக் குறையாது. வாடகை ஒருவருக்கும் அதேதான். கரண்ட், கேபிள், வேலைக்கார அம்மா சம்பளம் எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். சாப்பாடும் ஒருவர் மருந்தும் மட்டும் குறையும். அதற்குப் பதில் துணைக்கு ஆள் வைக்கும் செலவு வந்து உட்காரும். என் அளவுகோல் இது: வாடகை, குடும்ப ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன கணக்கில் அது 8,000. அகவிலைப்படியைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும்.

பற்றாக்குறையைச் சேமிப்பிலிருந்து ஈடுகட்ட வேண்டும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரலிலிருந்து ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் வரும். போடும் அன்று இருக்கும் வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. கணவன், மனைவி தனித்தனியாகவும் கணக்கு வைக்கலாம். பி.எஃப். பணம் மொத்தமும் கணவர் பெயரிலேயே கிடப்பதைவிட, வயது வரம்பு அனுமதித்தால் மனைவி பெயரிலும் ஒரு கணக்கு இருப்பது நல்லது. பிற்பாடு அவர் எந்த வரிசையிலும் நிற்க வேண்டியிராது.

வருமானப் பக்கத்தில் சிறு சலுகைகளையும் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு 2021 மே முதல் கட்டணம் இல்லை. டவுன் பஸ் ஓடும் தெருவில் வீடு கிடைத்தால், அந்த அம்மாவுக்கு மார்க்கெட், கோயில், ஆஸ்பத்திரி எல்லாம் ஆட்டோ செலவு இல்லாமல் முடியும். ஊர் பார்க்கப் போகும்போது ஆட்டோவில் சுற்றாமல் டவுன் பஸ்ஸில் சுற்றச் சொல்வது இதனால்தான்.

இரண்டாம் படி: பிள்ளைகளிடம் வாய்விட்டுக் கேளுங்கள்

“பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்ப்பா” என்று மகன் சொல்வதை வைத்து ஊர் முடிவு செய்ய முடியாது. அவனுக்கு எது பக்கம்? சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் தூரமா? ராத்திரி போன் வந்தால் விடியும் முன் வந்து நிற்கும் தூரமா? பேரனைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வர நீங்கள் தேவைப்படும் தூரமா? மூன்றும் மூன்று வேறு ஊர்கள்.

மூன்றாவதைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள் என்றால் அதை இப்போதே வெளியே எடுப்பது எல்லோருக்கும் நல்லது. குழந்தை பார்க்க வேண்டுமென்றால் அதே நகரத்தில்தான் இருந்தாக வேண்டும், அந்த வாடகையில் பங்கு யாருடையது என்ற பேச்சும் கூடவே வரும். பேரனுக்குப் பத்து வயதானதும் அந்தத் தேவை முடிந்துவிடும், வாடகை முடியாது.

மருமகளிடமும் மருமகனிடமும் நேராகக் கேளுங்கள், மகன் மகள் வழியாக வேண்டாம். அவர்களுக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். சம்பந்தி வீட்டாரும் இதே நேரத்தில் இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கலாம். மகள் இருக்கும் ஊரில் போய்க் குடியிருப்பதா என்ற பழைய தயக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தெரிந்தவரை, ஆஸ்பத்திரிக்கு லீவு போட்டு வருவது பெரும்பாலும் மகள்தான். அந்தத் தயக்கத்தை விட்டுவிடலாம்.

இன்னொன்று: பிள்ளைகள் வேலை மாறுவார்கள். இன்று ஒயிட்ஃபீல்டு, நாளை ஹைதராபாத், அப்புறம் கனடா. பிள்ளை இருக்கும் இடத்துக்கு ஒட்டிய ஊரை எடுத்தால் அவர் மாறியதும் நீங்கள் எவருக்கும் பக்கமில்லாத ஊரில் இருப்பீர்கள். அதனால் ஜங்ஷனை எடுங்கள்.

மூன்றாம் படி: ரயில் பாதையை விரித்துப் பாருங்கள்

கிலோமீட்டரை மறந்துவிட்டு, வாசலிலிருந்து வாசலுக்கு ஆகும் நேரத்தை எழுதுங்கள். பிள்ளை நகரத்தின் எந்தப் பக்கம் இருக்கிறார் என்பதுதான் இதில் பாதி வேலை.

பெங்களூரில் எலக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கம் என்றால் ஓசூர் சாலை வழி; ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் எல்லாம் அந்த நூலில்தான் இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டு பக்கம் என்றால் கிருஷ்ணராஜபுரம் ஸ்டேஷன் பக்கம். சென்னையிலிருந்து காட்பாடி வழியாக வரும் பல ரயில்கள் அங்கே நிற்கும், மதுரை–பெங்களூரு வந்தே பாரத்தும் நிற்கும். ராஜாஜி நகர், யஷ்வந்த்பூர் பக்கம் குடியிருக்கும் மகனுக்கு ஓசூர் என்பது பக்கத்து ஊரே அல்ல. வேலை நாள் மாலையில் நகரைத் தாண்டி வருவதற்குள் சேலத்து ஆள் பாதி தூரம் வந்திருப்பார்.

சென்னையிலும் இதே கதை. தாம்பரம் பக்கத்துப் பிள்ளைக்குச் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், திருச்சி. ஆவடி, அம்பத்தூர் பக்கம் என்றால் அரக்கோணம், காட்பாடி. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் என்றால் காஞ்சிபுரமும் வேலூர் சாலையும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பஸ்களில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. அண்ணா நகரில் இருக்கும் மகளுக்கு விழுப்புரம் இப்போது ஒரு மணி நேரம் தள்ளிப்போன மாதிரி. வேளச்சேரி மகளுக்கு அவ்வளவு இல்லை.

மூத்த குடிமக்களுக்கு ரயில் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது; திரும்ப வரவில்லை. பழைய நினைப்பில் பாதிக் கட்டணம் என்று கணக்குப் போட வேண்டாம். கீழ் பெர்த் ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் என்றால் விமான நிலையத்தையும் பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு போகத் திருச்சியிலிருந்தே நேரடி விமானம் உண்டு.

நான்காம் படி: ஆஸ்பத்திரி என்ற சல்லடை

பக்கவாதம் வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்தாக வேண்டும். பார்க்கப்போகும் வீட்டு வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இரவு 11 மணிக்கு சி.டி. ஸ்கேன் ஓடும், டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நிமிடம்? அரை மணி நேரத்துக்குள் என்றால் சரி. “பக்கத்து டவுனுக்குப் போகணும்” என்றால் அந்த ஊர் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பிள்ளை நாலு மணி நேரத்தில் வந்துவிடுவார். அந்த நாலு மணி நேரத்தை ஊர்தான் தாங்க வேண்டும்.

எளிய முதல் வடிகட்டல்: மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறதா? தமிழ்நாட்டில் காஞ்சிபுரம், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், பெரம்பலூர், மயிலாடுதுறை, தென்காசி ஆகிய ஆறு மாவட்டங்களில் மட்டும் அது இல்லை. இருப்பவற்றிலும் வித்தியாசம் உண்டு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்த 11 கல்லூரிகளில் கிருஷ்ணகிரி, நாமக்கல், திண்டுக்கல், அரியலூர், திருப்பூர் எல்லாம் அடக்கம். செங்கல்பட்டு, தஞ்சாவூர், சேலம் போல் பல பத்தாண்டு பழகிய மருத்துவமனைகளோடு இவற்றை ஒன்றாக வைக்க முடியாது. தனியார் ஆஸ்பத்திரியில்தான் பார்ப்பேன் என்பவருக்கும் இது பயன்படும். மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில்தான் ஸ்பெஷலிஸ்டுகள் மாலையில் தனியாகக் கிளினிக் வைத்திருப்பார்கள்.

காப்பீட்டில் பலர் பார்க்காத இடம் ஒன்று. தனியார் பாலிசிகள் சிலவற்றில் ஊரைப் பொறுத்துப் பிரீமியம் வைக்கிறார்கள். சிற்றூர் முகவரிக்குக் குறைந்த பிரீமியத்தில் எடுத்த பாலிசியை வைத்துப் பெங்களூரிலோ சென்னையிலோ அட்மிட் ஆனால், பில்லில் ஒரு பங்கை நீங்களே கட்ட வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கலாம். அவசரம் என்றால் பிள்ளை தன் நகரத்துக்குத்தான் கூட்டிப்போவார். முகவரி மாற்றும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். அரசு ஓய்வூதியர் காப்பீட்டில் இருப்பவர்கள், முன்னாள் ராணுவத்தினர் ஆகியோர் அங்கீகரித்த ஆஸ்பத்திரிப் பட்டியலில் அந்த ஊர்ப் பெயர்களைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரையை வீடு தேடிக் கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. இப்போது எங்கும் இருக்கிறது. நீங்கள் பார்க்கும் தெருவுக்கு அந்தச் செவிலியர் வருகிறாரா என்று பக்கத்து வீட்டில் கேட்டால் போதும்.

ஐந்தாம் படி: ஊர்களை எடைபோடுவது

நான் இருப்பது சேலம். எனவே இந்தப் பகுதியில் கொஞ்சம் பாரபட்சம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சொந்த ஊர். வாடகை இல்லை, நிலம் இருக்கிறது, குலதெய்வம் இருக்கிறது. வீட்டுப் பத்திரத்தில் எத்தனை பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும் என்று முதலில் பாருங்கள். பாகப்பிரிவினை ஆகாத வீட்டில் பென்ஷன் பணத்தைப் போட்டுத் தளம் மாற்றுவது, அடுத்த தலைமுறைக்கு வழக்கு சேர்த்து வைப்பது. அடுத்து, ராத்திரி ஆஸ்பத்திரிக்கு உங்களோடு கிளம்பி வரக்கூடியவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் இருந்தவர்களை அல்ல, இன்று அங்கே குடியிருப்பவர்களை மட்டும். மூன்று பெயர் வந்தால் சொந்த ஊரைப் பட்டியலில் வையுங்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுகூடத் தேறாது. அவர்களும் நம்மைப் போலவே வெளியேறிவிட்டார்கள்.

வேலூர், காட்பாடி. ஒரு பிள்ளை சென்னையிலும் ஒருவர் பெங்களூரிலும் என்றால் இதைவிடப் பொருத்தமான ஊர் வரைபடத்தில் இல்லை. சென்னை ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம், பெங்களூரு மூன்றரை, நாலு. 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி இருக்கிறது, அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனால் சி.எம்.சி.யைச் சுற்றி நோயாளிகளின் குடும்பங்கள் மாதக்கணக்கில் தங்குவதால் அந்தத் தெருக்களில் வாடகை ஊருக்குப் பொருந்தாமல் இருக்கும். காட்பாடி காந்தி நகர், சத்துவாச்சாரி என்று தள்ளிப் பாருங்கள். வெயில் கொடுமை. பாலாறு பெரும்பாலும் மணல்தான். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போனால் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட இடங்கள் உண்டு. போர்வெல் நீரைச் சோதிக்காமல் அந்தப் பக்கம் வீடு எடுக்க வேண்டாம்.

ஓசூர். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று குளுமை, பெங்களூரு கைக்கெட்டும் தூரம். அதனாலேயே விலையும் வாடகையும் பெங்களூரைப் பார்த்து ஏறுகின்றன. தொழிற்சாலைக்கு வந்த இளைஞர் கூட்டத்தோடு நீங்கள் வீட்டுக்குப் போட்டி போட வேண்டும். குடும்ப ஓய்வூதியக் கணக்கில் இது தேறுவது கடினம். கிருஷ்ணகிரி மலிவு, ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. வண்டி ஓட்டாதவருக்கு அது பெரிய குறை. தருமபுரியில் ரயில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அந்தத் தண்ணீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சேலம். சென்னை, கோவை, பெங்களூரு, கரூர், விருத்தாசலம் என்று ஐந்து திசைக்கும் ரயில் போகும் ஊர் இது. ஒரு மகன் கோவை, ஒரு மகள் பெங்களூரு என்றால் நடுவில் நிற்கும். பெங்களூரு சாலையில் சுமார் 200 கிலோமீட்டர், கோவை 160. மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும் தனியார் ஆஸ்பத்திரிகளும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. ஃபேர்லாண்ட்ஸ், ஐந்து ரோடு என்று புரோக்கர் தொடங்குவார். அங்கே வாடகை அதிகம். சூரமங்கலம் பக்கம் ஜங்ஷனும் உழவர் சந்தையும் நடக்கும் தூரத்தில் கிடைக்கும். தனியாக இருப்பவருக்கு அந்த இரண்டும் போதும். வெயில் இங்கேயும் சுடும். ஏற்காடு பக்கத்தில் இருப்பது அதற்குப் பெரிய ஆறுதல் இல்லை.

திருச்சி. தென் மாவட்ட உறவுகளும் சென்னைப் பிள்ளைகளும் என்றால் இதுதான். ஸ்ரீரங்கம் ஸ்டேஷனிலேயே சென்னை ரயில்கள் பல நிற்பதால் வயதானவர்களுக்கு வசதி. வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் கோயிலைச் சுற்றிய வீதிகளின் வாடகையும் அதற்கான விலை. திருவானைக்காவல், கே.கே. நகர் என்று பாருங்கள். புதிய பஞ்சப்பூர் பஸ் நிலையம் 2025இல் வந்த பிறகு ஸ்ரீரங்கத்துக்காரர் வெளியூர் பஸ் பிடிக்க ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டியிருக்கிறது. ரயிலை நம்பி இருப்பவருக்கு அது பொருட்டில்லை.

கும்பகோணம், மயிலாடுதுறை. சாப்பாடு, கோயில், கச்சேரி, ஆறு என்று மனம் போகும். கும்பகோணத்தில் பெரிய பிரச்சினை என்றால் தஞ்சாவூர், 40 கிலோமீட்டர். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் மாவட்டமானது, மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. தஞ்சாவூரிலேயே வீடு எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்குப் போய் வருவது நல்லது.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் வீடு எடுத்தவர்கள் மாதம் ஒரு பௌர்ணமி வாசலைத் தாண்ட முடியாமல் இருப்பார்கள். அந்த இரவில் ஆம்புலன்ஸ் எப்படி வரும் என்பதையும் யோசியுங்கள். தென்காசி சாரலுக்கு ஈடில்லை. ஆனால் சென்னைப் பிள்ளைக்கு அது ஓர் இரவுப் பயணம், பெரிய ஆஸ்பத்திரிக்குத் திருநெல்வேலி. கோவைப் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையம், பொள்ளாச்சி இரண்டையும் பாருங்கள். கோவை வாடகையைவிடக் குறைவு, ரயிலும் பஸ்ஸும் உண்டு. முதியோர் குடியிருப்பு வேண்டுமென்றால் மாதப் பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். வாங்கும் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்தவர்கள் நாலாம் வருஷம் திணறுகிறார்கள்.

ஆறாம் படி: மே மாதம் ஒரு முறை, அடைமழையில் ஒரு முறை

மார்கழியில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து இருங்கள், லாட்ஜ் வேண்டாம். உறவினர் வீடும் வேண்டாம், அங்கே தண்ணீர்ப் பிரச்சினை உங்கள் காதுக்கு வராது. நகராட்சித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த நேரத்தில்? விடியற்காலை நாலு மணிக்கு என்றால் தனியாக இருக்கும் வயதானவர் எழுந்து மோட்டார் போட வேண்டும். போர்வெல் தண்ணீரில் பருப்பு வேகிறதா? மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் போகும்போது வீடு எப்படி இருக்கிறது? ஐப்பசியிலோ கார்த்திகையிலோ இன்னொரு முறை வந்து, தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். ஆட்டோக்காரரிடம் கேட்டால் எந்தத் தெருவுக்கு மழைக்காலத்தில் வர மாட்டார் என்று சொல்லிவிடுவார்.

அந்த மாதத்தில் சுற்றிப் பார்க்கும் வேலையை ஒதுக்கிவிட்டுச் சாதாரண வேலைகளைச் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனை எடுங்கள். வழக்கமான மாத்திரைச் சீட்டோடு மருந்துக்கடைக்குப் போய், எல்லாம் கையிருப்பில் இருக்கிறதா, சிலது “நாளைக்கு வரவழைக்கிறேன்” ஆகிறதா என்று பாருங்கள். இரவு ஒன்பது மணிக்கு ஆட்டோ கூப்பிட்டுப் பாருங்கள். பிளம்பரை வரவழையுங்கள். விடியற்காலை ரயிலுக்கு ஸ்டேஷன் போய்ப் பாருங்கள். இதில் ஒரு வாரம் கணவர் ஊரில் இல்லாமல் இருக்க வேண்டும். பேங்க், மார்க்கெட், ஆஸ்பத்திரி மூன்றுக்கும் மனைவி தனியே போய் வரட்டும். அவர் திரும்பி வந்து சொல்வதுதான் இந்த ஊருக்கான தீர்ப்பு. கணவரின் ஓட்டு இந்த விஷயத்தில் அரை ஓட்டு.

வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரைத்தளம், வழுக்காத பாத்ரூம், உட்காரும் கழிவறை, டவுன் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும் தூரம். வீட்டுக்காரர் அதே கட்டடத்தில் குடியிருந்தால் சிலருக்குத் தொல்லை என்று படும். தனியாக இருக்கும் பெண்ணுக்கு அது பெரும்பாலும் காவல்.

ஏழாம் படி: ஓராண்டு வாடகை, அதுவரை பழைய வீட்டை விற்காதீர்கள்

பலர் சென்னை ஃபிளாட்டை விற்ற கையோடு புது ஊரில் வீடு வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் பத்திரப் பதிவுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம். 50 லட்சம் வீட்டுக்கு நாலரை லட்சம் போய்விடும். ஊர் பிடிக்காமல் விற்றால் அது திரும்பாது. அதோடு வரி. வீடு விற்ற லாபத்துக்கு வரிவிலக்கு வேண்டுமென்றால், விற்ற தேதியிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும், கட்டுவதானால் மூன்று ஆண்டு. முதலில் விற்றுவிட்டால் அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். அவசரத்தில் கிடைத்த வீட்டை வாங்க நேரும். சென்னை வீட்டை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தில் சேலத்திலோ வேலூரிலோ வாடகை கொடுங்கள். பெரும்பாலும் கொஞ்சம் மிஞ்சும். ஓராண்டு கழித்துப் பிடித்தால் அப்போது விற்பதைப் பற்றி யோசிக்கலாம். வாடகையிலேயே காலம் முழுக்க இருப்பதிலும் எந்தக் குறையும் இல்லை.

சொந்த வீடு இல்லாமல் வாடகையிலேயே இருந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் நேராக ஊர் மாறலாம்.

வாங்குவது என்று முடிவானால் தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் கொடுத்துப் பாருங்கள். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். மனையென்றால் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் அவசியம். அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2016 அக்டோபர் 20 என்பதுதான் எல்லைத் தேதி. அதற்குப் பிறகு பிரித்து விற்றதைத் தொடாதீர்கள். மனைவி பெயரையும் சேர்த்து வாங்குங்கள். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய்க்குள் வாங்கும் சொத்துக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக்கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வீட்டுக்கு உதவாது, சிறு மனைக்கு உதவும்.

இந்த நேரத்தில் இன்னொரு யோசனையும் வீட்டில் எழும்: சென்னை வீட்டை விற்றுப் பணத்தைப் பெங்களூரில் மகன் வாங்கும் ஃபிளாட்டில் போட்டுவிட்டு அங்கேயே ஓர் அறையில் இருந்துவிடலாம் என்று. பாசத்தில் சொல்வதுதான், சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் பணம் கொடுத்த அளவுக்குப் பத்திரத்தில் உங்கள் பெயரும் இருக்கட்டும். ஏற்கெனவே உள்ள வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுப்பதானால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் செட்டில்மென்ட் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இருந்தால் வாதாட எளிது.

எட்டாம் படி: இடம் மாறும் மாதத்துக் காகித வேலை

ஆதாரில் முகவரியை முதலில் மாற்றுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டால் இதற்கும் உதவும். பிறகு ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 8. பேங்க் கணக்கைப் புது ஊர்க் கிளைக்கு மாற்றும்போதே அதை இருவர் பெயரில், எவரும் தனியே எடுக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவியின் பெயர், பிறந்த தேதி, எழுத்து எல்லாம் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் நிற்கும். திருத்துவதற்கு இப்போது கணவரே இருக்கிறார். மத்திய அரசு ஓய்வூதியர் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ் சான்றைச் செல்போனில் முகம் காட்டியே அனுப்பலாம்; இந்த வருஷம் மனைவி கையால் அதைச் செய்யச் சொல்லிப் பழக்குங்கள்.

முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் 108, பக்கத்து வீட்டுக்காரர் எண், ஆட்டோக்காரர் எண் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். அதே தாளில் ரத்த வகையும், தினம் சாப்பிடும் மாத்திரைகளும், காப்பீட்டு எண்ணும் இருக்கட்டும். பிள்ளைகளுக்கும் அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். ஓராண்டு ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போது பிள்ளைகளை ஒரு வார இறுதிக்கு வரவழைத்து, தொடர்வதா, அடுத்த ஊரைப் பார்ப்பதா என்று நால்வரும் உட்கார்ந்து பேசுங்கள்.